பீக் நேரத்தில் திறக்காதே

அந்தக் கிடங்குக்கு அவர்கள் வந்து இறங்கியபோது நல்ல வெயில். பயப்படுகிற மாதிரி அங்கே ஒன்றுமே இல்லை. முன்னால் ஒரு சின்ன ஆபீஸ் அறை, அதில் கால் ஆடும் ஒரு மேஜை. பின்னால் லாரி நுழைகிற அளவுக்குக் கூடம். கூடத்தின் கோடியில், ஒரு காலத்தில் பழப்பெட்டிகளை அடுக்கிவைத்த குளிர் அறை. அதன் கம்ப்ரஸரை எப்போதோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். சுவரில் வெட்டிவிட்ட ஒரு தடித்த கேபிள் மட்டும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது.

கணவருக்கு இடம் பிடித்துப்போயிற்று. மனைவிக்கு வாடகை பிடித்துப்போயிற்று.

அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். கிரிப்டோ காசு எடுக்கும் மெஷின்களை வாங்குவதற்காகக் கடையையே விற்றுவிட்டு, அவற்றை வீட்டின் பின்னறையில் ஓட்டினார். சத்தம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்தார்கள். கரண்ட் பில் சண்டைக்கெல்லாம் வரவில்லை, நேராகக் கழுத்தைப் பிடித்தது. இந்த இடத்திலும் பில் இறங்காவிட்டால் மெஷின்களை எடைக்குப் போட்டுவிட்டு மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான் என்று அவருக்கே தெரிந்திருந்தது.

பில்லை இறக்கும் பொறுப்பை அவள் எடுத்துக்கொண்டாள். அவள் நூற்பாலையில் மின்சாரப் பேனல் போர்டு அறையில் வேலை பார்த்தவள். வீட்டில் மோட்டார், துணி துவைக்கும் மெஷின், புருஷனின் தூக்கம் எல்லாவற்றுக்கும் நேரம் குறிப்பவள். அதனால் அவர் அவளை "டைமரு" என்றுதான் கூப்பிடுவார்.

"சாயங்காலம் ஊரே லைட்டு போடுற நேரம் பீக் நேரம். அப்பதான் யூனிட் விலை டபுள் ஆகுது," என்று அவள் விளக்கினாள். "அந்த நேரத்துல நம்ம மெஷின் அத்தனையும் தூங்கணும். விலை இறங்கினதும் எழுந்து ராத்திரி முழுக்க ஓடணும். டைமர் பார்த்துக்கும். நீங்க கை வைக்காம இருந்தா போதும்."

"நான் எதுலயாவது கை வச்சிருக்கேனா?"

"வச்சதாலதான் இங்க நிக்கிறோம்."

குளிர் அறையின் கனத்த சுவர்கள் சத்தத்தை வெளியே விடாது என்பதால் மெஷின்களை அதற்குள்ளேயே அடுக்கினார்கள். சூட்டை வெளியே தள்ள, கூரையோரம் பெரிய ஃபேன் மாட்டினார்கள். நெட் கேபிளை உள்ளே கொண்டுபோக ஓட்டை வேண்டுமே என்று பார்த்தால், கதவிலேயே ஒன்று தயாராக இருந்தது. உள்ளே மாட்டிக்கொண்டவர் தள்ளித் திறப்பதற்கான கம்பி அதில் இருந்தது. அவர் அந்தக் கம்பியை உருவிவிட்டு, கேபிளை நுழைத்து, இடைவெளியில் ஃபோம் அடித்து அடைத்தார். டிரில் பிடிக்கும் வேலை மிச்சம் என்று அவருக்கு ஒரே பெருமை. கம்பியின் நுனியில் அழகான குமிழ் இருந்தது. அதை ஆபீஸ் சுவரில் அறைந்து துண்டு மாட்டிக்கொண்டாள் அவள்.

முதல் நாள் மாலை, பீக் நேரம் வந்தது. டைமர் டக்கென்றது. அத்தனை மெஷின்களும் ஒரே மூச்சில் அடங்கின. காது அடைத்துக்கொண்டது போல ஓர் அமைதி. தூரத்தில் சைக்கிள் மணியும் யாரோ குழந்தையை அதட்டுவதும் துல்லியமாகக் கேட்டன.

பிறகு குளிர் அறைக் கதவு தட்டப்பட்டது.

உள்ளேயிருந்து.

மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து, மறுபடி மூன்று தட்டு.

அவர் முகம் வெளிறிவிட்டது. "சூடான தகரம் ஆறுறப்போ அப்படித்தான் சத்தம் வரும்," என்று அவள் சொன்னாள். சொன்னாளே தவிர, அவளும் கதவுப் பக்கம் போகவில்லை. மறுநாளும் தட்டியது. அதற்கடுத்த நாளும் தட்டியது. மெஷின்கள் ஓடும்வரை ஒன்றுமில்லை. அவை நின்றால் போதும், யாரோ காத்திருந்தது போலத் தட்டல் ஆரம்பித்துவிடும்.

அவள் கட்டடச் சொந்தக்காரருக்கு போன் போட்டாள். உள்ளேயிருந்து தட்டுகிறது என்றதுமே அவர் சொல்லிவிட்டார்.

"உள்ள மூட்டை தூக்குற ஒருத்தர் மாட்டிக்கிட்டாரும்மா. ரொம்ப வருஷம் ஆச்சு. அப்ப உள்ளேருந்து திறக்கிற கம்பியெல்லாம் கிடையாது. தட்டியிருக்கார். வெளிய ரேடியோ சத்தத்துல யாருக்கும் கேக்கல." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது ஒன்னும் பண்ணாது. தட்டும், அவ்வளவுதான். திறக்காம இருந்தா போதும். நான் ஒரு நாளும் திறந்ததில்ல."

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பார்கள். இவர்களுக்குப் போக்கிடம் இல்லை. அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. இத்தனை சத்தத்தை வேறு எந்தச் சுவர் தாங்கும்? அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் செய்வது போல இதற்கும் ஒரு விதி போட்டாள்.

"பீக் நேரத்துல யார் தட்டினாலும் திறக்கக் கூடாது. பாட்டைச் சத்தமா வச்சுக்கோங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் சரி, அழுதாலும் சரி. புரியுதா?"

"நானே வந்து தட்டினா?"

"நீங்கன்னா கண்டிப்பா திறக்க மாட்டேன்."

அவர் சிரித்தார். அன்றிலிருந்து தினமும் மாலை காவலுக்கு உட்காரும்போது போனில் பாட்டை அலறவிட்டு, கூடவே தானும் பாடினார். அவர் குரலுக்கு அந்தப் பேயே எழுந்து ஓடிவிடும் என்று அவள் கேலி செய்தாள். மனிதர்களுக்கு எதுவும் பழகிப்போகிறது. தட்டலும் பழகிப்போயிற்று.

பழகாதது பில்தான். முதல் பில் வந்தபோது பீக் நேரக் கணக்கில் நிறைய யூனிட் ஓடியிருந்தது. அத்தனையும் நிறுத்தப்பட்ட நேரத்தில்! அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பேய் தட்டட்டும், அது வேறு விஷயம். தன் டைமரை ஏமாற்றி யார் கரண்டைத் திருடுகிறார்கள் என்பது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, மாலையில் அவர் ஃப்யூஸ் வாங்கக் கடைக்குக் கிளம்பினார். "நான் வீட்டுக்குப் போறேன். நீங்க வந்து காவலுக்கு உக்காருங்க," என்று அவள் சொல்லி அனுப்பினாள். கூடத்து ஷட்டரை இறக்கிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆபீஸ் வாசல்வரை போய்விட்டாள். அப்போது டைமர் டக்கென்றது. மெஷின்கள் அடங்கின. வாசலோரம் இருந்த மீட்டர் அவள் கண்ணில் பட்டது. அதன் சிவப்பு விளக்கு அடங்கவில்லை. முன்னைவிட வேகமாகச் சிமிட்டியது.

மெயின் ஸ்விட்சையே இறக்கிப் பார்த்தாள். அப்போதும் சிமிட்டியது. அவளுக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் தட்டல் ஆரம்பிக்கவில்லை, வெளியே வெளிச்சம் இருக்கிறது, ஒரு நிமிஷ வேலைதானே என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். மெயினை மறுபடி ஏற்றிவிட்டு, குளிர் அறைக் கதவைத் திறந்து, ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்து, போன் வெளிச்சத்தோடு உள்ளே நுழைந்தாள்.

இப்போதுதான் நின்ற மெஷின்கள். தொட்டால் கை சுட வேண்டும்.

அவற்றின்மேல் பனி படிந்திருந்தது.

அழுகிய பழத்தின் இனிப்பு வாடை அடித்தது. அவள் மூச்சு வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. பின்னால் செங்கல் நகர்ந்தது. உருண்டு விழுந்த சத்தம் இல்லை அது. யாரோ காலால் மெல்ல ஒதுக்கிய சத்தம்.

கதவு சாத்திக்கொண்டது.

அவள் ஓடிவந்து கதவின் நடுவே, அந்தக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கை வைத்தாள். கையில் ஃபோம்தான் தட்டுப்பட்டது. கம்பி ஆபீஸ் சுவரில் துண்டு மாட்டிக்கொண்டு இருக்கிறது. அதை அறைந்தவள் அவளேதான்.

போனில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை. அவள் கதவை உள்ளங்கையால் அடித்தாள், தோளால் இடித்தாள். அந்தக் கதவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. குளிர் முதலில் விரல்களுக்குள் ஏறியது, பிறகு பல்லுக்குள் இறங்கியது. எவ்வளவு நேரம் போனதோ, வெளியே ஷட்டர் ஏறும் அதிர்வை அவள் காலில் உணர்ந்தாள். அவர் வந்துவிட்டார்!

விரலில் மோதிரம் இருந்தது. கல்யாணத்துக்கு அவர் போட்டது. பேனல் வேலையின்போது ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்திருந்தது. அந்த மோதிரத்தைத் தகரத்தில் வைத்துத் தட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

மூன்று தட்டு. கை வலிக்கு ஓர் இடைவெளி. மறுபடி மூன்று தட்டு.

தட்டிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அது உறைத்தது. இத்தனை நாள் கேட்ட அதே தாளம்.

வெளியே பாட்டுச் சத்தம் கூடியது.

பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. ஓட்டையில் இருந்த ஃபோமைக் குத்திக் குடைந்தாள். கேபிளைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு வழி கிடைத்தது. பாட்டும், பாட்டோடு அவர் குரலும் உள்ளே வந்தன.

"தட்டிக்கோ, தட்டிக்கோ. என் பொண்டாட்டி திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா."

"என்னங்க! நான்தாங்க! உள்ள மாட்டிக்கிட்டேன்!"

பாட்டு நின்றது.

"என் பொண்டாட்டி வீட்டுல இருக்கா," என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. அவளை போனில் கூப்பிட்டுப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் சொல்வது அவளுக்கும் கேட்டது.

அவளுக்கு அழுகை பொங்கியது. அவர்மேல் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் போட்ட விதியை முழுசாகக் கடைப்பிடிக்கிறார். பீக் நேரம் முடிந்ததும் டைமர் டக்கென்னும். மெஷின்கள் உயிர் பெறும். அந்த இரைச்சலில் அவள் தட்டுவது யாருக்கும் கேட்காது. விடியும்வரை ஓடும். அப்படித்தான் அவளே நேரம் குறித்திருக்கிறாள்.

களைத்துப்போய்க் கையை இறக்கினாள்.

தட்டல் நிற்கவில்லை.

அவள் தோளுக்குப் பக்கத்தில், அவள் தட்டிய அதே உயரத்தில், யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் செத்துப்போவோம் என்று தோன்றியது. மோதிரத்தைப் பிடுங்கி, ஓட்டைக்குள் வைத்து, ஸ்க்ரூடிரைவரால் தள்ளினாள். வெளியே சிமெண்ட் தரையில் அது கிணுங்கென்று விழுந்து உருண்டது.

"அதுல வெட்டு இருக்கும், பாருங்க," என்று கெஞ்சினாள். "விதியைப் போட்டவளே சொல்றேன். திறங்க."

ஒரு யுகம் போலக் கழிந்தது. பிறகு கதவு திறந்தது.

வெளியே வந்து விழுந்தவளை அவர் வாரி எடுத்துக்கொண்டார். கதவை உதைத்துச் சாத்தினார். நேராக வீட்டுக்குக் கூட்டிப்போனார். மோதிரத்தை அவரே அவள் விரலில் போட்டுவிட்டார். இரண்டு போர்வை போர்த்தியும் அவள் கை சூடேறவில்லை. "ஐஸா இருக்குடி," என்று தேய்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எல்லாவற்றையும் காலி செய்துவிடுவது என்று முடிவாயிற்று. பில்லும் வேண்டாம், காசும் வேண்டாம். மெஷின்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடத்தில் அடுக்கினார்கள். நெட் கேபிளையும் உருவினார்கள். மெயின் ஸ்விட்சை இறக்கினார்கள். காலி அறையைப் பூட்டினார்கள். மதியமே வருவதாகச் சொன்ன லாரிக்காரர், வழக்கம்போல, இதோ வந்துட்டேன் என்று சொல்லிக்கொண்டே மாலையாக்கிவிட்டார்.

மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது.

அவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "பார்க்காத. லாரி வந்ததும் கிளம்பிடலாம்."

தட்டல் கேட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு. இந்தமுறை உள்ளங்கைச் சத்தம் இல்லை. தகரத்தில் மோதிரம் படும் சத்தம்.

கதவின் ஓட்டையில் ஏதோ அசைந்தது. கிணுங்கென்று தரையில் விழுந்து, உருண்டு, அவர் காலடியில் வந்து நின்றது. அவர் குனிந்து எடுத்தார். பனி படிந்த மோதிரம். ஓரத்தில் சின்ன வெட்டு.

அவள் தன் விரலைப் பார்த்தாள். அவள் மோதிரம் விரலில்தான் இருந்தது.

"என்னங்க." ஓட்டை வழியாக வந்தது அவளுடைய குரல். அதே களைப்பு, அதே நடுக்கம். "நான்தாங்க. நேத்துல இருந்து உள்ளயே இருக்கேன். நீங்க திறந்தப்போ முந்திக்கிட்டு வந்தது நான் இல்லைங்க."

"பொய்!" என்று அவள் கத்தினாள். "அது பொய் சொல்லுதுங்க! நான்தான்!"

அவர் மோதிரத்தைப் பார்த்தார். ஒருமுறை கதவைப் பார்த்தார். பிறகு, நேற்றிலிருந்து எவ்வளவு தேய்த்தும் சூடேறாத அவள் கையை மெதுவாக விட்டார்.