எங்கன்னு மட்டும் கேக்காதீங்க

படத்தில் இருந்தது ஒரு ஜன்னல். பறவை இல்லை, கூடு இல்லை, பேருக்கு ஓர் இறகுகூட இல்லை. பறவை பார்ப்பவர்களின் இணையக் குழுவில் ஜன்னலை எடுத்துப் போட எவனுக்கு இவ்வளவு பொழுது கிடக்கிறது என்று சலித்துக்கொண்டே கண்ணாடிக் கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கினார். மஞ்சள் திரை. ஓரத்துக் கிழிசலை யாரோ நீல நூலால் தைத்திருந்தார்கள். அந்த யாரோ அவருடைய மனைவிதான். மஞ்சள் நூல் வாங்கிவர மறந்ததற்கு அவர் வாங்கிய திட்டுகூட இன்னும் நினைவில் இருந்தது.

அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆந்தையக்கா. அவர் செத்துப்போய் ஒரு மாதம் ஆகிறது.

குழுவில் கடைக்காரருக்கு 'நடுவர்' என்று பட்டம். பகலெல்லாம் கடையில் அடுத்தவர் கண்ணைச் சோதிப்பவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அடுத்தவர் பறவைகளைச் சோதிப்பார். அவர் சரி என்று சொன்னால்தான் ஒரு படம் மற்றவர் பார்வைக்குப் போகும். கூடுகளுக்கு மட்டும் தனி விதி. கூடு இருக்கும் இடம், படம் போட்டவருக்கும் நடுவருக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு 'இடம்: மறைக்கப்பட்டது' என்று வரும், குஞ்சுகள் பறந்துபோகும்வரை. அந்தப் பூட்டுக்குச் சாவி இவர் விரல்நுனியில். நம்பிக் கொடுத்த சாவி.

ஆந்தையக்கா தனிக்கட்டை. வீட்டுக்குப் பின்னால் மரப்பொந்தில் கூடுகட்டிய ஆந்தைதான் அவருக்குக் குடும்பம். குஞ்சு வாயைத் திறந்து இரைக்குக் காத்திருக்கும் படத்தை வாரம் தவறாமல் போடுவார். கீழே ஒரே வரி: "எங்கன்னு மட்டும் கேக்காதீங்க, கண்ணுங்களா."

அவர் மேல் நடுவருக்கு என்ன கோபம்? ஒன்றுமில்லாத கோபம். இவர் அபூர்வக் கழுகு என்று பீற்றிக்கொண்ட படத்தைப் பார்த்து, "தம்பி, அது சாதாரணப் பருந்துப்பா. கண்ணாடி விக்கிறவரே கண்ணாடி போடலைன்னா எப்படி?" என்று அக்கா எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆனது. இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் அக்காவின் பூட்டைத் திறந்துவிட்டார்.

கும்பல் வந்தது. சுவரேறிக் குதித்தது. மரத்தைச் சுற்றி நின்று ஃப்ளாஷ் அடித்துத் தள்ளியது. மிரண்ட குஞ்சு பொந்திலிருந்து விழுந்தது. அதைத் திரும்ப வைக்க ஏணியில் ஏறிய அக்காவும் விழுந்தார். வந்தவர்கள் பயந்து ஓடிவிட்டார்கள். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தபோது அக்காவின் கைக்குள் குஞ்சு இருந்ததாம், இரண்டு உடம்பும் சில்லிட்டுக் கிடந்ததாம். அதற்குள் நடுவர் பூட்டைத் திரும்பப் போட்டுவிட்டார். எல்லோருக்கும் முந்திக்கொண்டு உருக்கமாக அஞ்சலி வேறு எழுதினார், பாவி.

இப்போது ஜன்னல் படத்தின் கீழே எழுதியிருந்ததைப் படித்தார். 'கூட்டில் பெரியது ஒன்று. குஞ்சு ஒன்று. தாய் இரை தேடப் போயிருக்கிறது.'

மனைவி நர்ஸ். சற்றுமுன்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனாள். உள்ளறையில் மகள் தனக்குத்தானே பேசிக்கொண்டு படம் வரைந்துகொண்டிருந்தாள்.

படத்தை அழித்தார். திரும்ப வந்தது. மறுபடி அழித்தார். இந்த முறை வந்தபோது அது எல்லோர் பார்வைக்கும் போயிருந்தது, அவர் அனுமதி இல்லாமலே. இடம் என்ற வரியில் அவருடைய தெரு, வீட்டு எண், மாடி எல்லாம் பளிச்சென்று இருந்தன. அடியில் பதில்கள் குவிந்தன. 'கிளம்பிட்டோம் அக்கா.' 'பக்கத்துலதான் இருக்கோம்.'

மனைவியை ஃபோனில் கூப்பிட்டார்.

"என்னங்க, பாப்பா சாப்ட்டாளா?"

"சாப்ட்டா. நீ நம்ம வீட்டை ஃபோட்டோ எடுத்து யாருக்காவது அனுப்பினியா?"

"ஆமா, எனக்கு வேற வேலை இல்ல பாருங்க. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு? ஏதாவது பிரச்சனையா?"

நாக்கு நுனிவரை வந்தது. சொல்வதென்றால் பழையதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"ஒண்ணுமில்ல. வச்சிடறேன்."

மானம் பெரிதாகப் போய்விட்டது அவருக்கு.

வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கதவைத் தாழிட்டு, விளக்கைப் போடப் பயந்து இருட்டில் நின்ற அவருக்கு, கீழே இரும்புக் கேட் மெல்லத் திறக்கும் கிறீச்சும், சரளைக்கல் மேல் பார்த்துப் பார்த்து வைக்கும் காலடிகளும், லென்ஸ் மூடி கழலும் சின்னச் சத்தங்களும், கூட்டைக் கலைத்துவிடக் கூடாதே என்பவர்கள்போல ஒருவரையொருவர் 'உஷ்' என்று அடக்கும் மூச்சும், இவற்றோடு எங்கிருந்தோ ஈர மரப்பட்டையும் பறவை எச்சமும் கலந்த வாடையும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. திரைமேல் பளீரென்று ஒரு ஃப்ளாஷ். பிறகு இன்னொன்று. சுவரில் எதுவோ உரசியது. மரச்சட்டம். ஏணி.

"அப்பா," உள்ளறையிலிருந்து மகள் கூப்பிட்டாள். "ஒரு ஆன்ட்டி ஜன்னல்ல நிக்கிறாங்க."

"கிட்ட போகாதேம்மா! அப்பா வரேன்!"

"கூப்பிடறாங்கப்பா." ஜன்னல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "அவங்க கை ரொம்ப சில்லுன்னு இருக்கு."

ஓடினார். நாற்காலி தடுக்கியது. விழுந்தார். எழுந்தார். கதவு.

அறை காலி. ஜன்னல் திறந்திருந்தது. தரையில் கலர் பென்சில்கள். எட்டிப் பார்த்தார். ஏணி இல்லை. ஆள் இல்லை. கேட் பூட்டியபடியே இருந்தது. மகள் பெயரைச் சொல்லிக் கத்தினார். எதிர்வீட்டுக்காரர் மட்டும் எட்டிப் பார்த்து, "என்ன சார்?" என்றார்.

கையில் ஃபோன் அதிர்ந்தது.

புதுப் படம். ஒரே இருட்டு. நடுவில் மகள். ஃப்ளாஷ் வெளிச்சத்தில் அவள் கண்கள் இரண்டும் மஞ்சளாக மின்னின. அவள் மார்பைச் சுற்றி ஒரு கை பொத்திப் பிடித்திருந்தது. விரல்களில் மரப்பட்டைத் தூள்.

'குஞ்சு பத்திரம். இடம்: மறைக்கப்பட்டது.'

பூட்டை அழுத்தினார். அவருடைய பூட்டு, அவருடைய சாவி. அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று வந்தது. கீழே குழுவே கூடியிருந்தது. 'என்ன அழகு அக்கா!' 'கண்ணு பட்டுடப் போகுது.'

ஒரே ஒரு சொல் தட்டினார். எங்கே?

பதில் உடனே வந்தது.

'எங்கன்னு மட்டும் கேக்காதீங்க, தம்பி.'

கூடவே இன்னொரு படம். அதில் மகள் தலையை அண்ணாந்து, வாயை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, இரைக்குக் காத்திருந்தாள்.