நீர்வாயிலில் நான்கு நாழிகை

மேற்கே செவ்வானம் மெல்லக் கருத்துக்கொண்டிருக்க, வளர்பிறைச் சந்திரன் தென்பெண்ணையாற்றின்மேல் வெள்ளிப் பொடியைத் தூவத் தொடங்கியிருந்தான். கரையோரக் கோரை இளங்காற்றில் சாய்ந்து நிமிர்ந்தது. நாரைகள் கூடு திரும்பின. இத்தனை சாந்தத்துக்கு நடுவே, அன்பு வாசகர்களே, கழுத்தளவு நீரில் அறுபது தலைகள் தெரிந்தால் திடுக்கிட வேண்டாம். வேங்கைநாட்டு வீரர்கள்தாம் அவர்கள். ஒவ்வொருவனும் இரு கைகளாலும் தலைக்குமேல் ஒரு கேடயத்தைத் தாங்கி நின்றான். அதன்மேல் கோரைக்கொத்து ஒன்று.

ஒரு காத தூரத்துக்கு அப்பால், அக்கரைக் கோட்டையில் அவர்களுடைய இளவரசர் ஆதனார் பகைவரின் சிறையிலிருந்தார். நாளை மறுநாள் காலையில் அவர் தலை உருளும். கோட்டையின் நீர்வாயிலோ, இரவுக் காவல் மாறும்போது மட்டுமே திறக்கும். அந்தி மயக்கத்தில் மட்டுமே காவலர் கண்ணில் படாமல் அதை நெருங்கமுடியும்; அப்போது முதல் காவல் மாறும்வரை, நான்கு நாழிகை, வாயிலடியில் கோரைப்புதர் போல அசையாது நிற்கவேண்டும். நாளை அந்தியை விட்டால் வேறு அந்தி இல்லை.

படைத்தலைவன் சேந்தன் இவர்களைப் பத்து நாட்களாகக் கல் சுமந்து குன்றேற வைத்திருந்தான். தோள்கள் திரண்டன. ஆனாலும், இரண்டாம் நாழிகையில் யாராவது ஒருவன் வீட்டை நினைப்பான், கரையைப் பார்ப்பான், கேடயம் நழுவும்.

ஐந்து நாட்களுக்கு முன் வந்துசேர்ந்த மத்தளக்காரன் வெண்காடன், மெலிந்த உடம்பும் பெரிய தலைப்பாகையுமாக நின்று அதைப் பார்த்தான்.

"கை சோரலை, தலைவரே. மனசுதான் முதல்ல சோருது. ரெண்டையும் சேர்த்துப் பழக்கணும்" என்றான்.

அன்றுமுதல் வீரர்கள் நீரில் நிற்க, அவன் கரையிலிருந்து நான்கு நான்கு அடியாகக் கொட்டினான். எப்போதாவது ஓர் அடியைக் கொட்டாமல் விழுங்குவான். விழுங்கியதை எண்ணி, முடிவில் ஒவ்வொருவனும் கணக்குச் சொல்லவேண்டும். பக்கத்தில் இருப்பவன் கேலி பேசிக் கலைக்கலாம்.

இன்று கடைசிச் சோதனை. ஒரு கேடயம் நழுவினாலும் அறுபது உயிர்களைப் பலியிடமாட்டேன் என்று சேந்தன் சொல்லியிருந்தான்.

"ஏலே பூதி, கரையில உன் மாமியா நிக்குது."

"நிக்கட்டும்."

"உன்னைத்தான் தேடுது. கையில உலக்கை வச்சிருக்கு."

"பதினேழு" என்றான் பூதி, கண்ணை அசைக்காமல். "உனக்கு எத்தனை? மறந்துட்டியா?"

கேலி பேசியவன் மறந்துதான் போயிருந்தான். அவன் கேடயம் ஒரு விரற்கடை தாழ்ந்தது. அடுத்த அடியைக் காது பற்றிக்கொள்ளவும் கை தானாக நிமிர்ந்தது.

கரையில் நாழிகை அளக்க வைத்திருந்த வட்டில் நான்காம் முறை நீர் நிறைந்து மூழ்கியபோது அறுபது கேடயங்களும் நிலவில் அப்படியே இருந்தன. கரையேறியவர்களின் கணக்கில் மூவரே தவறினர்.

சேந்தன் மத்தளக்காரனைத் தனியே அழைத்தான்.

"நன்று, தம்பி. ஆனால் நாளை அங்கே உன் மத்தளம் ஏது?"

"கோட்டை மதில்மேல காவல் முரசு இருக்கே. எதிரியே நமக்கு அடிச்சுக் குடுப்பான். முரசடிக்கிறவன் கிழவன், அடிக்கடி ஓர் அடி தவற விடுவான்."

"அடி தவறுவது நீர்வாயிலடியில் வெகுநேரம் நிற்பவனுக்கல்லவா தெரியும்? அங்கே நின்றவர் எவர்?"

வெண்காடன் ஆற்றை நோக்கினான். பிறகு நிதானமாகத் தலைப்பாகையை அவிழ்த்தான். நெடுங்கூந்தல் சரிந்து தோளில் விழுந்தது. குரலும் மாறியது.

"அண்ணன் என்னை அந்த வாயில் வழியே தள்ளிவிட்டுத் தாம் பிடிபட்டார். மதில்மேல் தீவட்டிகள் அலைந்தன. நான்கு நாழிகை அசையாமல் நின்றேன், படைத்தலைவரே. பயம் வரும்போதெல்லாம் முரசை எண்ணினேன். அதனால்தான் உயிரோடிருக்கிறேன்."

ஆதனாரின் தங்கை இளவரசி உமைநங்கை அக்கோட்டையிலேயே மாண்டதாகப் பதினைந்து நாட்களாக நாடே நம்பியிருந்தது. சேந்தன் மணலில் மண்டியிட்டான்.

"தேவி, தங்களைத் தம்பி என்றேனே."

"இன்னும் ஒருநாள் அப்படியே அழையுங்கள். நாளை நானும் அந்த வரிசையில் நிற்கவேண்டும்."

மறுக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைக் கண்டு, உடைவாளை உருவி அவள் காலடியில் வைத்தான்.

"ஆதனார் அந்த வாயிலைத் தாண்டி வரும்வரை எங்கள் கேடயம் ஒன்றுகூடத் தாழாது. தங்கள் வலப்பக்கத்தில் நான் நிற்பேன். இது என் வாள்மேல் ஆணை."

"நின்றால் கேலி பேசக்கூடாது" என்றாள் உமைநங்கை.