இரவல் பாட்டு

அன்று காலை கூண்டின் முன்னால் இருந்தவர்கள்: மருத்துவர் யாயாட். தீனி வைக்கும் எவிஸ். காவலாளி ஓடாங். போகோர் நகரிலிருந்து வந்த நோய் ஆய்வாளர் நினிங். உயிரோடு ஒரு மைனா. மற்றவை வாளியில்.

காட்டில் இந்த வெள்ளை மைனா அற்றுப்போய் வெகுகாலம். மிச்சம் இந்தக் கூண்டிலும், மலைமேல் இன்னொரு கூண்டிலும்தான். கொன்றது சந்தைப் பறவைகளிடம் மட்டும் இருக்கும் கிருமி என்று பரிசோதனை சொல்லிவிட்டது. மிஞ்சிய ஒன்றும் அதைச் சுமக்கிறது; அதையும் ஊசி போட்டுக் கொல்லத்தான் வேண்டும். கிருமியைக் கொண்டுவந்த ஆள் மலைக் கூண்டுக்கும் போயிருந்தால், இனமே முடிந்தது.

மைனா கழுத்தை நீட்டிப் பாடியது. சீட்டி, சீட்டி, நடுவில் தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரு "ட்ர்ர்ர்".

"சாகப்போற நேரத்துல கச்சேரி பாரு," என்றான் ஓடாங்.

"வாய மூடு, கங்." எவிஸ் கண்ணைத் துடைத்தாள். அங்கே கங் என்றால் அண்ணன், தேத்தே அக்கா, பாக் ஐயா.

"இசியான் மட்டும் கரகரக்குது. தொண்டையில இறங்கிடுச்சு," என்றார் யாயாட்.

நினிங் அவரை ஒரு கணம் பார்த்தாள். ஓடாங்கிடம் திரும்பினாள்.

"கங், வீட்டுல பறவை உண்டா?"

"எனக்கே சோறில்ல, தேத்தே."

"பாட்டுக் கேக்க உள்ள போன் கொண்டுவருவீங்களா?"

"வாசல்லயே பிடுங்கிடுவாங்க. குளிச்சு, துணி மாத்தினாத்தான் உள்ள."

"நீங்க, பாக் யாயாட்?"

"மருந்துப் பெட்டி மட்டும்."

"அப்புறம் கறுப்புத் துணி மூடின சின்னக் கூண்டு," எவிஸ் எடுத்துக்கொடுத்தாள். "சீக்குப் பறவை மிரளாம இருக்க."

"குருவிப் பாட்டுப் போட்டிக்குப் போவீங்களா, பாக்?"

"அந்தக் கும்பலோடயா? எட்டிப் பார்த்ததில்ல."

"அந்த ட்ர்ர்ர் லவ்பேர்ட்ஸ் சத்தம். ஆப்பிரிக்காக் கிளி. இந்தக் காட்டுல ஏது? போட்டிக்காரங்கதான் அதத் தங்களோட குருவிக்குப் பழக்குவாங்க. பக்கத்துல வெச்சா ஒண்ணோட பாட்ட இன்னொண்ணு திருடும். திருடின துண்டுக்குப் போட்டித் திடல்ல ஒரு பேரு: இசியான். வெளியில யாரும் சொல்லமாட்டாங்க. எங்கண்ணன் அதே பைத்தியம், எனக்குத் தெரியும். உங்களுக்கு?"

யாயாட் கூண்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வேற எவன் குருவியும் பாடாத சீட்டி உங்க குருவிக்கு வேணும். துணி மூடிக் கொண்டுவந்து வெச்சீங்க. அது சீட்டியக் கத்துக்கிச்சோ இல்லையோ, இந்த மைனா அதோட ட்ர்ர்ரக் கத்துக்கிச்சு."

"அது நல்லாத்தான் இருக்கு," என்றார் அவர். "ஒரு இறகுகூட உதிரல."

"நோயச் சுமக்கறது அப்படித்தான் இருக்கும். டாக்டருக்கு நான் சொல்லணுமா? மலைமேல?"

அவர் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இங்க பாட்டு சரியாப் படியல. போன வெள்ளிக்கிழமை அங்க கொண்டுபோனேன்."

எவிஸ் வாளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நினிங் ஊசிப் பெட்டியை யாயாட்டிடம் நீட்டினாள். "இத முடிங்க. அப்புறம் மலை. அங்கயும் ஊசி போடறது நீங்கதான்."

அவர் குனிந்து கூண்டுக்குள் போனார். தெரிந்த ஆள் வந்த சந்தோஷத்தில் மைனா மறுபடி பாட ஆரம்பித்தது. எவிஸ் எழுந்து, அவருக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.