நாற்பத்திரண்டாவது பெயர்

புக்கிட் ரோத்தானைத் தாண்டிச் செம்பனைகளுக்கிடையே கிடக்கும் அந்தத் தோட்டத்தில் கங்கா என்ற பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. கோயில் செம்பில் வரும் நீரைக்கூட வெறும் 'தீர்த்தம்' என்றுதான் சொல்வார்கள். அப்படி யாரும் கட்டளையிட்டதில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் சுங்கை செம்பிலாங் துறையிலிருந்து கிளம்பிய படகொன்று கவிழ்ந்தது. மற்ற நால்வரும் கரை சேர்ந்தனர். சன்னாசியின் இளைய மகள் மட்டும் சேரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. காரியம் செய்யவும் மனம் வராமல், காத்திருக்கவும் தெம்பில்லாமல் தவித்த அந்தத் தகப்பனின் முன்னால் முதலில் வாய்கள் அடங்கின. பிறகு அவர் இல்லாத இடங்களிலும் அடங்கிப்போயின.

ஆகவே, ராவாங்கில் லோகேஸ்வரியின் வீட்டுக்கு வந்த கோயில் செயலாளர் தங்கராஜு விஷயத்தைத் தொடுவதற்கே கால் மணி நேரம் பிடித்தது.

"அந்தப் பேரு ஸ்பீக்கர்ல வருது, சிஸ்டர். மூணு நாளா."

மென்பொருள்களைச் சோதித்துப் பிழை கண்டுபிடிப்பது லோகேஸ்வரியின் தொழில். அவளருகே உட்கார்ந்திருந்த அலுவலகத் தோழன் திலீப் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தான். அந்த ஒலிபெருக்கிக்குப் பெயர்களை ஊட்டும் நிரலை ஆசை ஆசையாய் எழுதிக் கொடுத்தவன் அவன்தான். குருக்களுக்குக் கண் மங்கிவிட்டதால், ஆடித் திருவிழா மாலைகளில் அர்ச்சனைப் பெயர்களை இயந்திரக் குரலே வாசிக்கட்டும் என்று கமிட்டி முடிவெடுத்திருந்தது. கோயிலின் இணையப் பக்கத்தில் குடும்பவாரியாகப் பெயரும் நட்சத்திரமும் வயதும் இருந்தன. அந்தப் பக்கத்தின் எச்டிஎம்எல் என்னும் மூல எழுத்திலிருந்து வரிகளைப் பிரிக்க ஒன்று, வரிக்குள்ளிருந்து பெயரை உருவ ஒன்று, நட்சத்திரத்துக்கும் வயதுக்கும் ஒவ்வொன்று என நான்கு சிறு செயற்கூறுகளை எழுதி, ஒவ்வொன்றையும் சோதித்தும் இருந்தான். எந்தச் சோதனையும் தவறவில்லை.

"உயிரோட இருக்கவங்களுக்குத்தான அர்ச்சனை?" என்றாள் லோகேஸ்வரி.

"அதான்லா தலைவலி! அம்மனே எம்பொண்ண இருக்கவங்க பட்டியல்ல சேத்துட்டான்னு சன்னாசி அண்ணன் சொல்றாரு. சோத்துல கை வைக்கல. இன்னிக்கும் பேரு வந்தா, பூசை முடிஞ்சதும் படகு எடுத்துத் தேடப் போறாராம். எஞ்சின் சாவிய இடுப்புல சொருகிக்கிட்டே திரியறாரு. எழுபத்திரண்டு வயசு, சிஸ்டர். ஒரு கண்ணு சுத்தமா தெரியாது."

தங்கராஜு பையிலிருந்து இணையப் பக்கத்தின் அச்சுப்படியை எடுத்து விரித்தார். நாற்பத்தொரு பெயர்கள். பிறகு கைப்பேசியில் பதிவை ஓடவிட்டார். உணர்ச்சியற்ற பெண் குரல் அறைக்குள் பரவியது.

'சன்னாசி, ரோகிணி, எழுபத்திரண்டு. குமுதா, அஸ்தம், முப்பத்தொன்று. கங்கா, ரேவதி, இருபத்தாறு.'

திலீப் அச்சுப்படியை இழுத்துப் பார்த்தான். காகிதத்தில் குமுதாவுக்கு அடுத்த வரியில் வேறொரு குடும்பம் தொடங்கியிருந்தது. இரண்டாம் மாலைப் பதிவும் அதே. மூன்றாம் மாலையில் குரல் சற்றும் மாறாமல் சொன்னது: 'கங்கா, ரேவதி, இருபத்தேழு.'

"வயசு ஏறுது, அக்கா," என்று கிசுகிசுத்தான் திலீப்.

"பேய்க்கெல்லாம் பொறந்தநாள் வராது, திலீப்." லோகேஸ்வரி தங்கராஜுவின் பக்கம் திரும்பினாள். "நீங்க யாரைச் சந்தேகப்படுறீங்க?"

"சவுண்டு செட் சுகுமாறனைத்தான். மைக்கு அவன் கையில."

"இணையப் பக்கத்தோட கடவுச்சொல் யார்கிட்ட இருக்கு?"

"எங்கிட்ட ஒண்ணு, குமுதாகிட்ட ஒண்ணு. சன்னாசி அண்ணனோட மூத்த பொண்ணு. இங்க ராவாங் ஃபேக்டரியில வேலை. இந்த வாரம் முழுக்கச் சாயங்கால ஷிஃப்டு, திருவிழாவுக்கே வரல."

"ஊர்ல நடக்கறத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

தங்கராஜு அவளை விநோதமாகப் பார்த்தார். "எப்படிச் சொல்றது? சொல்லணும்னா அந்தப் பேரைச் சொல்லணுமே!"

லோகேஸ்வரி வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு மற்ற இருவரையும் கிளப்பினாள். வழியில் குமுதாவின் விடுதி வாசலில் நிறுத்தி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லி ஏற்றிக்கொண்டாள்.

நான்கு மணி வெயிலிலும் செம்பனைகளுக்குக் கீழே இருட்டு கட்டியிருந்தது. தொழிலாளர் குடியிருப்புகளான பழைய லயங்களைக் கடந்தபோது வாசல்களில் நின்றவர்கள் வண்டிக்குள் குமுதாவைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். கோயில் கம்பத்தின் உச்சியில் ஒலிபெருக்கியின் வாய் சன்னாசியின் வீட்டைப் பார்த்துத் திறந்திருந்தது. தான் எழுதிய ஒன்று அதற்குள் குடியேறிவிட்டதைப்போல் திலீப்புக்குத் தோன்றியது.

மண்டபத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார் சன்னாசி. சுகுமாறன் ஒலிக்கருவிக்குப் பின்னால் முறைத்துக்கொண்டு நின்றான்.

"என்ன, போலீஸ் வேலையா? மைக்கத் தொட்டவன்லாம் திருடனா?"

"உங்க மேல தப்பில்ல," என்றாள் லோகேஸ்வரி. "அதே குரல், அதே இடைவெளி. மைக்குல சொருகின பேரா இருந்தா ஒட்டு தெரியும். பேரு இணையப் பக்கத்துலேருந்துதான் வருது. திலீப், சோதனைக்கு மாதிரிப் பக்கத்தை எங்கேருந்து எடுத்த?"

"திரையில தெரிஞ்ச மூணு குடும்பத்தைப் பார்த்து நானே டைப் பண்ணேன், அக்கா."

"அப்போ நீ சோதிச்சது உன் கண்ணத்தான். உன் நிரல் திரையைப் படிக்கல, அடியில இருக்கற எழுத்தைப் படிக்குது. ஒரு வரிக்கு 'காட்டாதே'ன்னு குறிப்பு வெச்சா, திரை அடங்கும், பிரிண்டரும் அடங்கும். உன் நிரலுக்கு அந்தக் குறிப்பு தெரியாது, எடுத்து நீட்டிடும். மூலத்தைத் திற. குமுதாவுக்குக் கீழ மறைச்சு வெச்ச வரி ஒண்ணு இருக்கும்."

திலீப் மடிக்கணினியைத் திறந்தான். இருந்தது. பெயர், நட்சத்திரம், வயது, எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காக.

"வெச்சது யாரு?" என்றார் தங்கராஜு.

"மூணாம் நாள் வயசை மாத்தினவங்க. அதுக்குள்ள ரெண்டு சாயங்காலம் பேரைக் கேட்டு ஊரே வெலவெலத்துப் போயிருக்கு. இங்க இருந்த யாரும் அதுக்கப்புறம் அந்த வரியில கை வைக்கமாட்டாங்க. வெச்சவங்களுக்கு ஸ்பீக்கர் சங்கதியே தெரியாது. கடவுச்சொல் இருந்தும், சாயங்காலம் இங்க இல்லாதவங்க. போன் போட்டுக்கூட யாரும் சொல்ல முடியாதவங்க."

எல்லாரும் குமுதாவைப் பார்த்தார்கள்.

"ஸ்பீக்கர்லயா? அவ பேரா?" என்றாள். பிறகு தூணோரம் மண்டியிட்டாள். "நாந்தாம்ப்பா. அந்த மூணாவது வரிய எடுத்துடும்மான்னு கமிட்டியில சொன்னாங்க. அழிக்கக் கை வரல. மறைச்சு வெச்சேன். வருஷா வருஷம் அவ பொறந்தநாளைக்கு வயசை மட்டும் ஒண்ணு ஏத்துவேன். வாயால வாழ்த்துச் சொல்ல இந்த ஊர்ல எடமேது?"

சன்னாசி மகளின் பக்கம் திரும்பினார். "அப்போ அம்மன் கூப்புடல," என்றார்.

"இல்லப்பா."

அவர் எழுந்து வெளியே போனார். யாரும் தடுக்கவில்லை. திலீப் ஐந்தாவதாக ஒரு செயற்கூறை எழுதினான்: மறைத்த வரியைத் தாண்டிப்போக. இம்முறை பக்கத்தின் மூலத்தை அப்படியே நகலெடுத்துச் சோதித்தான். முதல் ஓட்டத்தில் தவறியது, திருத்தினான், நாற்பத்தொன்று வந்தது.

"வரிய அழிச்சிடவா, அக்கா?"

"அது உன் வேலை இல்ல."

ஆறரைக்கு மணி அடித்தது. சன்னாசி திரும்பி வந்து கூட்டத்தின் முன்வரிசையில் நின்றார். சாவி இடுப்பில்தான் இருந்தது. குரல் பட்டியலைத் தொடங்கியது. 'சன்னாசி, ரோகிணி, எழுபத்திரண்டு. குமுதா, அஸ்தம், முப்பத்தொன்று.' அதற்கடுத்த மூச்சளவு இடைவெளியில் கூட்டம் கம்பத்தையே பார்த்தது. அடுத்த குடும்பத்தின் பெயர் ஒலித்தது.

சன்னாசி கையை உயர்த்தினார். சுகுமாறன் குரலை நிறுத்தினான். முதியவர் இடுப்பிலிருந்து சாவியை உருவிக் குமுதாவின் கைக்குள் வைத்து மூடினார். பிறகு மைக்கை எடுத்துக் குருக்களைப் பார்த்தார்.

"சாமி, இது அர்ச்சனைக்கு இல்ல. நாளைக்குச் செய்ய வேண்டிய காரியத்துக்கு. எழுதிக்கங்க."

கம்பத்து உச்சியிலிருந்து அவர் குரல் லயங்களுக்கு மேலாக, செம்பனைகளுக்கு மேலாகப் போயிற்று.

"கங்கா. ரேவதி நட்சத்திரம். வயசு பத்தொம்போது."