கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

மூன்றாவது தட்டின் ஓரத்தில் இருந்த போனில் மட்டும் வெள்ளைப் புள்ளி மறையவில்லை.

நவ்ரீன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். இரும்பு ரேக்கில் வரிசையாக நின்ற போன்களைக் கணினிதான் தொட்டுச் சோதிக்கும். மனிதக் கை படாது. அது திரையில் எங்கே தொடுகிறது என்று காட்டத்தான் அந்தப் புள்ளி. தொட்டதும் தோன்றும், விட்டதும் மறையும்.

சோதனையில் இருந்தது மீனவர்களுக்கான செயலி. கடலில் ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தான். தப்பித்தால் ‘பத்திரமாக இருக்கிறேன்’ என்ற பச்சைப் பொத்தான். கணினி சிவப்பை அழுத்திச் சற்றுக் காத்திருந்து பச்சையை அழுத்தும். பிறகு மறுபடியும் சிவப்பு. காலையிலிருந்து இதேதான்.

சாயங்கால மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, கீழே சாத்தாங்காட்டு இரும்புக் கடைகளில் தகடு அறுக்கும் ஓசை பல்லைக் கூசவைத்தபடி ஏறி வர, குளிர்சாதனம் ஓடும் அந்த மூடிய அறைக்குள் டீசலும் உப்பும் கலந்த படகு வாடை எப்படி வந்ததென்று அவளுக்குப் புரியவில்லை. உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

அந்த ஓரத்துப் போனில், கணினி பச்சையை அழுத்தியதும் வேறொரு புள்ளி அவசரமாகச் சிவப்பை அழுத்தியது. கணினி மறுபடி பச்சை. அது மறுபடி சிவப்பு. பிடிவாதமாக. பதறிப் பதறி.

சோதனையை நிறுத்தினாள். மற்ற போன்கள் அடங்கின. இது அடங்கவில்லை. கணினியோடு இணைத்த வயரைப் பிடுங்கினாள். சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

கூட வேலை பார்க்கும் தீபன் மதியமே காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போயிருந்தான். அவன் அண்ணன் குமாரவேல் முந்தாநாள் கடலுக்குப் போனவர். போகும்முன் அவர் போனில் இந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தவள் நவ்ரீன்தான்.

தன் போனை எடுத்துத் தீபனை அழைத்தாள்.

“அண்ணன் வந்துட்டாரா தீபன்?”

“இன்னும் வர்லக்கா. கூடப் போன போட்டுங்கல்லாம் வந்துட்ச்சி.” அவன் குரலுக்குப் பின்னால் பெண்கள் அழும் சத்தம். “போன் போட்டுகினேதான் கீறேன். ரிங்கு போவுது, எடுக்க மாட்டேங்கறாரு. இன்னாக்கா, நீ ஏன் கேக்கற?”

அவள் ஓரத்துப் போன் பக்கம் திரும்பினாள். திரையில் ஒரு புள்ளி ஐந்தாகியிருந்தது. நான்கு மேலே, வளைவாக. ஒன்று தள்ளி, கீழே. விரித்த கை.

அந்தக் கை நழுவியது. மறுபடி பற்றியது.

“அக்கா? லைன்ல கீறியா?”

பக்கத்துப் போன் தானாக விழித்தது. அதிலும் ஐந்து. அதற்கடுத்ததில். மேல் தட்டில். கீழ்த் தட்டில். ரேக் முழுக்கக் கைகள். கண்ணாடிகளின் உட்புறம் ஈரம் கோத்தது. விரல்கள் அதை வழித்துக்கொண்டு கீழே இறங்கின. திரும்ப ஏறின.

கதவை நோக்கிப் பின்வாங்கினாள். காதோடு அழுத்திப் பிடித்திருந்த போனில் தீபன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

கன்னத்தில் ஏதோ குளிர்ந்தது.

போனின் கண்ணாடியிலிருந்து, ஒவ்வொன்றாக, ஐந்து விரல்நுனிகள் அவள் கன்னத்தைப் பற்றின.