அம்மா தட்டுகிறார்

திரையில் ஓடிக்கொண்டிருந்த இருபத்தொரு கோடுகளிலும் ஒரே நேரத்தில் சின்னச் சின்ன மேடுகள் எழுந்தபோது, அவள் விரல்கள் யோசிக்காமலே வழக்கமான குறிப்பை அடித்துவிட்டன: ‘அம்மா தட்டுகிறார்’. குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்யும் டெக்னீஷியன் வேலையில் பதினோரு வருடப் பழக்கம். பிள்ளையை முதுகில் தட்டித் தூங்கவைத்தால் அந்த அதிர்வு அப்படியே கோட்டில் ஏறிவிடும். குறித்து வைக்காவிட்டால் டாக்டர் அதை வலிப்பென்று நினைத்துக்கொண்டு, பிறகு விஷயம் தெரிந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கிழி கிழியென்று கிழிப்பார். குறித்துவிட்டுத்தான் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் பார்த்தாள். அம்மா நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில் கிடந்த துண்டுக்குள் இருந்தன. நாற்காலியிலிருந்து எட்டினாலும் கட்டிலைத் தொட முடியாது. கட்டிலில் சிட்டு, தலை முழுக்கக் கம்பிகளோடு, சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யாரும் அவளைத் தொடவில்லை. மேடுகள் மட்டும் வந்துகொண்டே இருந்தன.

சிட்டுவுக்கு நாலு வயது. விளையாடிக்கொண்டே இருப்பவள் நடுவில் அப்படியே நின்றுவிடுகிறாளாம், கூப்பிட்டால் திரும்புவதில்லையாம். அதற்குத்தான் இந்தப் பரிசோதனை. “ராத்திரி பூரா தூங்க விடாதீங்கன்னு சொன்னீங்களே சிஸ்டர், இவ ஜம்முனு முழிச்சிட்டிருந்தா. நான்தான் செத்தேன்,” என்று சொல்லிக்கொண்டேதான் அந்த அம்மா உள்ளே வந்தாள். இவள் சிஸ்டர் இல்லை, டெக்னீஷியன். திருத்திச் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டாள். தூக்க மருந்துகூடத் தேவைப்படவில்லை, படுத்ததும் பிள்ளை தூங்கிவிட்டது.

மதியம் மூன்று மணி வெயில் திரைச்சீலையைத் தாண்டி வர முடியாமல் ஓரத்தில் ஒரு கோடாக மட்டும் விழுந்திருந்தது. கம்பிகளை ஒட்டும் பசையின் சோப்பு வாசனையும், ஸ்பிரிட் நெடியும், தூங்குகிற குழந்தையிடமிருந்து வரும் வெதுவெதுப்பான பால் வாசனையும் கலந்து அறையில் தேங்கியிருந்தன. எங்கேயாவது கம்பி தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இல்லை, நாடித்துடிப்பு ஏறியிருக்கும். அதற்கென்று தனியாக ஓடும் கோட்டைப் பார்த்தாள், பொருந்தவில்லை. ஏ.சி.யை நிறுத்தினாள். அதன் முனகல் அடங்கிய பிறகும் மேடுகள் அடங்கவில்லை. அறைக்குள் இருந்த மைக்கின் ஒலியைக் கூட்டினாள். இரண்டு பேர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவில், துணிமேல் உள்ளங்கை விழுகிற சத்தம்.

தப். தப். தப்.

தட்டுவதிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு கையெழுத்து உண்டு. அம்மாக்கள் அவசரமாக ஆரம்பித்து, பிள்ளை அசந்ததும் மெதுவாக்கி, கை வலித்தால் கை மாற்றுவார்கள். அப்பாக்கள் மாவு மூட்டையைத் தட்டுவதுபோல் தட்டுவார்கள். இந்தக் கைக்கு அவசரமே இல்லை. வலியும் இல்லை. ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

இதே இடைவெளியை இன்றைக்கே எங்கோ பார்த்திருக்கிறோமே என்று அவளுக்குத் தோன்றியது. காலையில் இதே கட்டிலில் படுத்த பையனின் பதிவைத் திறந்தாள். அதிலும் அதே மேடுகள். அதற்கு மேல் அவளே அடித்த குறிப்பு: ‘அம்மா தட்டுகிறார்’. அந்தப் பையன் அப்பாவோடு மட்டும்தான் வந்திருந்தான். அப்பாவும் மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். தலை நிமிர்ந்து பார்க்காமலே எழுதித் தொலைத்திருக்கிறாள், பாவி. முடிந்ததும் பையனை எழுப்ப முடியாமல் அப்பா தோளில் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனார். தூக்க மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று இவளும் சிரித்தாள்.

வார்டுக்குப் போன் போட்டாள்.

“அந்தப் பையனா? இன்னும் எந்திரிக்கல அக்கா,” என்றாள் வார்டு நர்ஸ். “டாக்டர் பக்கத்துலயேதான் நிக்கிறார். கிள்ளிக்கூடப் பார்த்தாச்சு. ஏன்க்கா?”

போனை வைத்தாளா, போட்டாளா தெரியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். இந்தப் பிள்ளையை எழுப்பியாக வேண்டும். இப்போதே.

“எந்திரிங்கம்மா! நீங்க தட்டினீங்களா?”

அம்மா அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “தட்டினேனா? உட்கார்ந்ததுமே கண்ணசந்துட்டேன் சிஸ்டர். என்னாச்சு?”

இவள் குனிந்து சிட்டுவின் முதுகில் கையை வைத்தாள். சூடான, சின்ன முதுகு. மூச்சு ஒழுங்காக வந்து போனது.

தப்.

இவள் கையின் மேல் விழுந்தது அது. மெதுவாக, பாசமாக. இவள் கையையும் சேர்த்தே தூங்கவைப்பதுபோல.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கம்பிகளைப் பிடித்து இழுத்தாள். தண்ணீர் தொட்டுப் பக்குவமாக எடுக்க வேண்டியவற்றைப் பிய்த்தாள். முடியும் சேர்ந்து வந்தது. பிள்ளை முகம் சுளிக்கவில்லை.

“ஐயோ, வலிக்கப் போகுது—”

“தூக்குங்கம்மா! டாக்டர்கிட்ட ஓடுங்க. கீழ வார்டுல இருக்கார். திரும்பிப் பார்க்காதீங்க, ஓடுங்க!”

அம்மா ஓடினாள். தோளில் சிட்டுவின் தலை ஒரு பக்கமாகத் தொங்கி ஆடியது. “சிட்டு... கண்ணு... முழிச்சுக்கோடா...” குரல் வராந்தாவில் தேய்ந்துகொண்டே போனது. பிறகு படிகளில் செருப்புச் சத்தம்.

அவள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து, கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள். காப்பாற்றியாகிவிட்டது என்று நினைத்தாள். அப்பாடா என்றுகூடச் சொன்னாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

கம்பிகள் வெறும் தலையணைமேல் கிடந்தன. தலையில் ஒட்டாத கம்பி தாறுமாறாகக் கிறுக்கும். அதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். இருபத்தொரு கோடுகளும் அமைதியாக, ஆழமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. தூக்கம். நாலு வயதுப் பிள்ளையின் நல்ல தூக்கம்.

அலைகள் கலைந்தன.

முன்நெற்றிக் கோடுகளில் ஒரு மேடு. இன்னொன்று. கண் சிமிட்டுகிறது. விழித்துவிட்டது.

நெற்றிப்பொட்டுக் கோடுகள் கறுத்தன. தாடை அசைந்தால் அப்படித்தான் கறுக்கும். இரண்டு சின்னக் கறுப்பு. இடைவெளி. மறுபடி இரண்டு. பேசத் தெரிந்த எந்தப் பிள்ளையும் கண் விழித்ததும் கூப்பிடுகிற இரண்டு அசை. மைக்கில் சத்தமே இல்லை.

அவள் யாரை எங்கே அனுப்பியிருக்கிறாள்? எதைத் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னாள்?

“அம்மா! திரும்பி வாங்கம்மா!” கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்துக் கத்தினாள். செருப்புச் சத்தம் எப்போதோ ஓய்ந்திருந்தது.

திரையில் இப்போது எல்லாக் கோடுகளும் கறுத்துத் தடித்து மேலும் கீழும் துடித்தன. அழுகிறது. அம்மா இல்லாத கட்டிலில், வீறிட்டு அழுகிறது.

அறைக்குள் பேசுவதற்கான மைக் பொத்தானை அழுத்தினாள்.

“சிட்டு?”

கறுப்பு சட்டென்று நின்றது. கோடுகள் மெலிந்தன. அழுகையை நிறுத்திக் காது கொடுக்கிறது. பிறகு முன்நெற்றிக் கோடுகள் இரண்டும் எதிரெதிராக மெல்ல விலகின. கண் ஒரு பக்கம் திரும்பினால் அப்படி விலகும். எந்தப் பக்கமென்றும் அவளுக்குப் படிக்கத் தெரியும்.

இடப்பக்கம். கண்ணாடிக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்த பக்கம்.