மீதி நூற்றொரு ரூபாய்

கோகிலவாணி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அன்றைய முதல் எண்ணை அழுத்தினாள். "வணக்கமுங்க! உங்க போன் வந்ததுல ரொம்ப சந்தோஷம்!" என்று மறுமுனையில் ஓர் ஆண்குரல் குழைந்தது. பதில்குரல்தான், சந்தேகமே இல்லை. கடன் வசூல் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தால் எந்த மனிதன் இப்படிச் சந்தோஷப்படுவான்? அவள் ஆளையே வரவழைக்கும் சட்டக்குறியீட்டைத் தட்டினாள். குழைவு பாதியில் அறுந்தது. நாற்காலி நகரும் சத்தம், தொண்டைச் செருமல். பிறகு, "யா... யாருங்க?" என்று பழக்கம் விட்டுப்போன ஒரு குரல் வந்தது. அந்தக் குரலைக் கேட்கத்தான் அவள் பதினோரு வருடமாகக் கோயம்புத்தூரின் இந்த ஆபீஸுக்கு வருகிறாள். யாராவது கேட்டால் சம்பளத்துக்கு என்று சொல்வாள்.

போனை எடுத்துத் தானே பேசுகிற வழக்கம் ஒழிந்து இருபது வருடமாகிறது. அவரவர் குரலில், அவரவர் பேச்சில், ஆளுக்குப் பதிலாகப் பேச ஆளுக்கொரு பதில்குரல் கருவி. இந்தப் பக்கமும் அது, அந்தப் பக்கமும் அது. கல்யாணத்துக்கு அழைப்பது, துக்கம் விசாரிப்பது, சம்பந்தி சண்டையைச் சமாதானம் செய்வது எல்லாம் அதன் பொறுப்பு. சாயங்காலம் ஒரு சுருக்கம் வரும்: 'இன்று உங்கள் சார்பில் பதினான்கு பேரிடம் அன்பாகப் பேசப்பட்டது.' அப்பாடா, வேலை முடிந்தது!

கடன் வசூல் ஒன்றில்தான் இது பலிக்கவில்லை. கம்பெனியின் பதில்குரல் கடனைக் கேட்கும், கடன்காரரின் பதில்குரல் உருகி உருகி மன்னிப்புக் கேட்கும், அட அதனாலென்ன என்று இது தேற்றும். மணிக்கணக்கில் கொஞ்சிக்கொண்டனவே தவிர ஒரு பைசா வரவில்லை. அதனால் நேர்க்குரல் சட்டம் வந்தது. பாக்கி வைத்திருப்பவர் மாதம் ஒருமுறை ஏழு நிமிடம் சொந்த வாயால் பேசியாக வேண்டும். கேட்பவரும் மனிதராகவே இருக்க வேண்டும். இப்படியாக, ஊரிலேயே மனிதக் குரல் கேட்கும் உத்தியோகம் கடன் வசூல் எழுத்தருக்கு வாய்த்தது.

கோகிலவாணிக்கு ஓசூரில் ஒரு தம்பி உண்டு, தாமோதரன். ஞாயிறு தவறாமல் அவனைக் கூப்பிடுவாள். "அக்கா, முட்டிவலி தேவலையா?" என்று அவன் குரல் கேட்கும். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுடைய முட்டியைப் பற்றியெல்லாம் விசாரிக்கிற பிறவியா அவன்! கடனாவது வாங்கித் தொலைத்திருந்தால் சட்டப்படி பிடித்திருக்கலாம். பாவி, ஒரு பைசா பாக்கி வைக்காதவன்.

மாதத்தின் முதல் தேதி, பத்து நாற்பதுக்குப் பொள்ளாச்சி நாச்சிமுத்துவின் முறை. மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டிக்கட்டி ஓய்ந்த மனிதர், தனிக்கட்டை. வாஷிங் மெஷினுக்கு வாங்கிய கடனை ஒரே வருடத்தில் அடைத்துவிட்டு நூற்றொரு ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்திருந்தார். நூறு ரூபாய்க்குக் கீழே போனால் கம்பெனி தானே தள்ளுபடி செய்து கணக்கை மூடிவிடும். அதை எப்படியோ தெரிந்துவைத்திருந்தார் ஆசாமி. மாதாமாதம் வட்டியைக் கட்டுவார், அசலைத் தொடமாட்டார்.

"சாப்ட்டீங்களாங்க?" என்பாள் கோகிலவாணி.

"எங்கீங்க அம்மிணி! அரிசிம்பருப்பு சாதம் வெச்சேன். உப்பு தூக்கலாயிருச்சு. காக்கா கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

இடுப்பு வலி, எதிர்வீட்டு நாய், விலைவாசி என்று ஏழு நிமிடமும் புலம்பல்தான். முடிகிற நேரத்தில் அவள் விதிப்படி கேட்பாள்: "அந்த நூத்தியோரு ரூபா எப்பங்க கட்டறீங்க?"

"அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க."

இரண்டே கால் வருடமாக இதே கேள்வி, இதே பதில். பணத்தைக் கட்டிவிடுவாரோ என்று ஒவ்வொரு மாதமும் அவள் பயந்தபடிதான் கேட்பாள்.

அந்த ஐப்பசியில் மேலாளர் அஸ்வந்த் அவளை அறைக்குள் கூப்பிட்டான். அவளைவிடப் பத்து வயது சின்னவன்.

"மேடம், ஸ்வீட் வாங்கித் தரணும் நீங்க. சட்டத்தைத் திருத்திட்டாங்க. பதிவு பண்ணின மனுஷக் குரல்ல கருவி பேசினாப் போதும், அதுவும் நேர்க்குரல்தானாம். கோயம்புத்தூர் கிளைக்கு உங்க குரலைத்தான் எடுத்திருக்கோம். நீங்க இனிமே குரல் கண்காணிப்பாளர். ஏசி ரூம், ரெண்டு மடங்கு சம்பளம், பென்ஷன்."

"மத்த எழுத்தர்களுங்க?"

"அடுத்த மாசத்தோட சரி. பாவம்தான், என்ன பண்றது? எழுத்தர் போஸ்ட்டே இல்ல. உங்களுக்கும் ஒண்ணே ஒண்ணு இடிக்குது. ரெண்டு வருஷத்துக்கு மேல இழுக்கற ஃபைல் உங்க பேர்ல இருக்கவே கூடாது. அந்தப் பொள்ளாச்சி கிழவரை முடிச்சிருங்க. இல்லேன்னா நீங்களும் அவங்களோட வீட்டுக்குத்தான்."

நாற்பத்திரண்டு வயதில் வீட்டுக்குப் போய் யாருடன் பேசுவது? சுவரோடா? வாடகையை யார் கொடுப்பார்கள்? முதல் தேதி பத்து நாற்பதுக்கு எண்ணை அழுத்தினாள். சாப்பிட்டீர்களா என்று கேட்க மறந்து, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அப்ப அடுத்த மாசம் கூப்பிடறது நீங்க இல்லீங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"என் குரல்தானுங்க. நான் இல்லீங்க."

"என்னால உங்க பொழப்பு கெடக்கூடாதுங்க அம்மிணி. இருங்க, கட்டிப்போடறேன்."

"ஐயா, அவசரமில்லீங்க. இன்னும் நாலு நிமிஷம் இருக்குதுங்க."

"கட்டிட்டனுங்களே," என்றார் அவர், குற்றம் செய்தவரைப் போல.

திரையில் பச்சை விளக்கு எரிந்தது. கடன் தீர்ந்தால் நேர்க்குரலுக்கு உரிமை இல்லை. கருவி அந்த நொடியே தொடர்பைத் துண்டித்தது. போய் வருகிறேன் என்றுகூட இருவராலும் சொல்ல முடியவில்லை. அவள் ஹெட்செட்டைக் கழற்றாமல் மீதி நான்கு நிமிடமும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கண்காணிப்பாளர் அறை நன்றாகத்தான் இருந்தது. குளிர்ச்சி, மெத்தை நாற்காலி, சுவர் முழுக்கத் திரை. அதில் அவளுடைய குரல் ஒரே நேரத்தில் நானூறு பேரிடம் பேசுவது நானூறு கோடுகளாக ஓடும். சத்தம் வராது. ஒருநாள் மனம் கேட்காமல் சொந்த போனிலிருந்து நாச்சிமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அம்மிணி! ரொம்ப நல்லா இருக்கேனுங்க! சாப்பாடெல்லாம் அருமை!"

நாச்சிமுத்து ஒருநாளும் தாம் நன்றாக இருப்பதாகச் சொன்னவரில்லை. அவள் அழுதுகொண்டே போனை வைத்தாள்.

சேலம் கிளை மட்டும் இன்னும் மாறவில்லை. அங்கே ஷபானா என்று ஒரு பெண் சொந்த வாயால் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டாள். உடனே அந்தக் கிளையில் கடன் போட்டு ஒரு மிக்ஸி வாங்கினாள். வீட்டில் நல்ல மிக்ஸி ஏற்கெனவே இருந்தது. அடுத்த மாதமே கடனை அடைத்தாள், நூற்றொரு ரூபாயைத் தவிர.

முதல் தேதிக்கு லீவு போட்டாள். என்ன பேசுவது என்று யோசித்து யோசித்து, நாச்சிமுத்துவின் நினைவில் அரிசிம்பருப்பு சாதம் வைத்து இறக்கினாள். பத்து நாற்பதுக்கு நேர்க்குரல் மணி அடித்தது. மனிதரை மட்டும் கூப்பிடும் அந்தக் கரகரத்த மணி தன் வீட்டில் அடித்து அவள் கேட்டதே இல்லை. ஓடிப்போய் எடுத்தாள்.

"வணக்கமுங்க, கோகிலவாணி பேசறேன். சாப்ட்டீங்களாங்க?"

பேசியது அவளுடைய குரலேதான். சேலமும் மாறிவிட்டிருந்தது. அவளுடைய குரல் அவ்வளவு நன்றாக வசூல் செய்கிறதாம். அஸ்வந்த் போன வாரம்தான் பெருமையடித்துக்கொண்டிருந்தான். போனைச் சுவரில் எறியலாம் போல ஆத்திரம் வந்தது. ஆனால் கேட்டுவிட்டு அது காத்திருந்தது. அவள் எப்போதும் காத்திருக்கிற அதே பொறுமையோடு காத்திருந்தது. அவளிடம் அப்படி யார் காத்திருந்தார்கள்?

"அரிசிம்பருப்பு சாதம் வெச்சேனுங்க," என்றாள் கோகிலவாணி. "உப்பு தூக்கலாயிருச்சு."

அது சிரித்தது. அவளுடைய சிரிப்புதான். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! முட்டிவலியைச் சொன்னாள், தாமோதரனைத் திட்டினாள், நாச்சிமுத்துவைப் பற்றிச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் அது உச்சுக்கொட்டியது. ஏழு நிமிடம் முடிகிற நேரத்தில் விதிப்படி கேட்டது.

"அந்த நூத்தியோரு ரூபா எப்பங்க கட்டறீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாமுங்க."